பெரியத்தாவின் சட்டையை மாற்றாதீர்கள்!

விழா மலர்கள் பெருகிவிட்ட காலம் இது. பள்ளிவாசலுக்கு நூற்றாண்டு என்றால் ஒரு மலர்; மதரஸாவுக்குப் பொன்விழா என்றால் ஒரு மலர்; குடும்பத்தார் கூடி ஒருநாள் விருந்துண்டால் அதற்கும் ஒரு மலர். இவற்றையெல்லாம் நாம் வெறுப்பவரல்லர். மறைந்துபோன பெரியோர்களின் பெயர்களை அச்சில் காண்பது நமக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் அண்மைக்காலமாக நம் கைக்கு வரும் மலர்களில் ஒரு புதுமையைக் காண்கிறோம். காக்கிச் சட்டையணிந்த எவருடைய படம் பெட்டியிலிருந்து கிடைத்தாலும் சரி, அதன் கீழே “நேதாஜியின் படையில் போரிட்ட தியாகி” என்னும் ஒரு வரி தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது. படத்திலிருப்பவரின் தோளிலே என்ன எழுதியிருக்கிறது, தொப்பியிலே என்ன சின்னம் இருக்கிறது, கையிலே எத்தனை கோடு இருக்கிறது என்று பார்த்தவர் எவருமில்லை. கேட்டால், “காக்கி உடுத்தியிருக்கிறார், அந்தக் காலத்து மனிதர், நம்மவர், வேறு எதில் இருந்திருப்பார்?” என்கிறார்கள்.

வேறு எதிலும் இருந்திருக்கலாம், ஐயா! ஆங்கிலேயரின் காலாட்படையில் இருந்திருக்கலாம். சுமைவண்டிப் படையில் இருந்திருக்கலாம். காவல்துறையில் இருந்திருக்கலாம். இரயில்வேயில் கூட இருந்திருக்கலாம். தென்காசி மார்க்கத்தில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார், தம் முப்பாட்டனாரின் தொப்பியில் எஸ்.ஐ.ஆர். என்னும் மூன்று பித்தளை எழுத்துக்களைக் கண்டு, வெள்ளையர் அவருக்குச் ‘சர்’ பட்டம் அளித்ததாகப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். தென்னிந்திய இரயில்வே 1951-இல் தென்னக இரயில்வேயுடன் இணையும்வரை அதன் ஊழியர் சின்னம் அந்த மூன்றெழுத்துத்தான் என்பதை எடுத்துச் சொன்னபோது, அவர்கள் நம்மோடு மூன்று மாதம் பேசவில்லை.

இது சிரிப்புக்குரிய கதை. நாம் இனிச் சொல்லப்போவது அப்படிப்பட்டதன்று. அதற்குமுன், அரபு மதரஸாவில் ஓதிய ஒருவன் பட்டாளத்துச் சின்னங்களைப் பற்றிப் பேசுவானேன் என்று முகம் சுளிப்போருக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

ஹிஜ்ரி 447-இல் பக்தாதில் ஒரு பத்திரம் வெளிப்பட்டது. கைபர் வாசிகளுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வரிவிலக்கு அளித்ததாகவும், ஸஹாபாக்கள் சிலர் சாட்சிக் கையொப்பம் இட்டதாகவும் அதிலே கண்டிருந்தது. அமைச்சர் அதனை வரலாற்றறிஞர் அல்கத்தீப் அல்பக்தாதியிடம் காட்டினார். அவர் பார்த்தார், பொய்ப் பத்திரம் என்றார். எவ்வாறு அறிந்தீர் எனக் கேட்டபோது அவர் தந்த விடை இரண்டே செய்திகள்தாம். சாட்சிகளுள் முஆவியா (ரலி) அவர்களின் பெயர் இருக்கிறது. அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியதோ மக்கா வெற்றியின்போது, கைபருக்குப் பின்னர். ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் பெயரும் இருக்கிறது. அவர்களோ அகழ்ப்போரை அடுத்து, கைபருக்கு ஈராண்டு முன்பே மறைந்துவிட்டார்கள். ஆண்டுக் கணக்கு ஒன்றைக்கொண்டே ஒரு பெரும்பொய்யை அவர் அம்பலப்படுத்திவிட்டார்.

இந்தக் கண்ணைத்தான் நம் மதரஸாக்கள் நமக்குத் தந்தன. அறிவிப்பாளர் யார், எப்போது பிறந்தார், எப்போது மறைந்தார், யாரைச் சந்தித்தார் என்று துருவிக் கேட்ட சமுதாயம் நம்முடையது. படைகளின் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கிய வரலாற்றாசிரியர்களை இப்னு கல்தூன் கண்டித்த பகுதியை நாம் மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறோம். பாடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, சுவரில் தொங்கும் படத்தின் கீழே மனம்போனபடி எழுதிக்கொள்கிறோம். இந்த ‘நாம்’ என்ற சொல்லில் இக்கட்டுரையாசிரியனும் அடக்கம் என்பதை இனி வருவது காட்டும்.

நம் பெரியத்தா இராஜபாளையத்துக்காரர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பட்டாளத்துக்குப் போய், போர் முடிந்து திரும்பி, ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதி, நாம் பிறப்பதற்கு முன்பே மறைந்தவர். போரைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை என்பார்கள். பிள்ளைகள் இல்லை. பெரியம்மா தாய்வீடு திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பளம் இட்டுப் பிழைத்தார். பேருந்தில் அரைமணி நேரத் தொலைவுதான்; ஆனால் வறுமைக்கும் வசதிக்கும் இடையிலுள்ள தொலைவு அதைவிடப் பெரிதாயிருந்தது.

இராஜபாளையத்து வீட்டுக் கூடத்தில் பெரியத்தாவின் பெரிதாக்கிய படம் ஒன்று தொங்கியது. காக்கிச் சட்டை, இடுப்பில் பட்டை, தோளில் மங்கலாகச் சில எழுத்துக்கள். ஐ என்றும் ஏ என்றும் இரண்டு எழுத்துக்கள் தெரிந்தன. மற்றவை மங்கிக் கலைந்திருந்தன. ஐ.என்.ஏ. என்பதில் ஐயும் உண்டு, ஏயும் உண்டு அல்லவா? நடுவிலுள்ள ‘என்’ மறைந்திருக்கிறது என்று குடும்பமே கூடி முடிவு கட்டியது. 1990-களின் நடுப்பகுதியில், புதிதாக ஆசிரியப் பணியேற்றிருந்த நாம், விடுதலைப் போராட்ட வீரர்களுக்காக மத்திய அரசு 1972-இல் தொடங்கி 1980-இல் விரிவாக்கிய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் பெரியம்மாவின் பெயரில் ஒரு மனு எழுதினோம். நல்ல தமிழில் எழுதினோம். நேதாஜியின் அழைப்பைக் கேட்டு மர்ஹூம் அவர்கள் கொதித்தெழுந்த காட்சியைக் கண்ணால் கண்டவன்போல் வருணித்தோம். தபாலில் சேர்த்த அன்று பெரியம்மா பால்கோவா வாங்கிவரச் செய்து நமக்குத் தந்தார். “நீ படிச்ச புள்ள, தம்பி. உனக்குத் தெரியும்” என்றார்.

சான்றில்லை என மனு திரும்பி வந்தது. மீண்டும் எழுதினோம், மீண்டும் திரும்பியது. அதிகாரிகள் மீது அப்போது நமக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் நாணமாயிருக்கிறது. அவர்கள் சரியாகவே செய்தார்கள். பெரியம்மா மேலும் பத்தாண்டு அப்பளம் இட்டுவிட்டு மறைந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் இராஜபாளையத்து வீட்டை இடித்துக் கட்டியபோது, ஒரு தகரப் பெட்டியின் அடியில் பெரியத்தாவின் மூலப் படம் கிடைத்தது. உள்ளங்கை அளவே உள்ள சிறிய படம். கூடத்தில் தொங்கியதோ அதிலிருந்து பெரிதாக்கி, ஓவியர் ஒருவர் தூரிகையால் துலக்கியது. அந்நாளில் ஊருக்கு ஊர் இந்த வேலை நடந்தது. மங்கிய மூக்கைத் துலக்குவார்கள். இல்லாத கைக்கடிகாரத்தைக் கட்டிவிடுவார்கள். புரியாத எழுத்தைப் பூசி மறைப்பார்கள். ஆகவே பெரிதாக்கிய படத்தைச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது என்பது நாம் கற்ற முதற்பாடம். பூதக்கண்ணாடி வைத்து மூலத்தைப் பார்த்தோம். தோளிலே நான்கு எழுத்துக்கள், ஐயத்துக்கிடமின்றி: ஐ.ஏ.எம்.சி. இந்திய இராணுவ மருத்துவப் படை. 1943 ஏப்ரல் 3 அன்று அமைக்கப்பட்டது.

மேலும் ஒன்று கண்டோம். இடக்கையின் மேற்புறத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. அதன் நடுவே கட்டியான மைப்பூச்சு. படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பூச்சின் கீழே கூட்டல்குறி போன்ற ஒரு வடிவம் தெரிந்தது. தொண்ணூறைத் தாண்டிய மாமி ஒருவர் அப்போது உயிரோடிருந்தார். அவரிடம் காட்டிக் கேட்டோம். “சிலுவை போட்ட படத்த வீட்டுல எப்படித் தம்பி வெக்கிறது? ஒங்க தாதாதான் மையத் தொட்டு அடிச்சாங்க” என்றார்.

அது சிலுவையன்று! காயம்பட்டவரைத் தூக்குவோரும் மருந்திடுவோரும் அணிந்த செஞ்சிலுவைப் பட்டை. 1864-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில், சுவிட்சர்லாந்து நாட்டுக் கொடியின் நிறங்களை மாற்றிவைத்து அமைத்த அடையாளம். இதனை அணிந்தவனைச் சுடலாகாது என்பது அதன் பொருள். துருக்கியர் 1876-இல் அதற்குப் பதிலாகச் செம்பிறையைக் கைக்கொண்டனர். 1929-இல் உலக நாடுகள் அதனையும் ஏற்றன. இதையெல்லாம் தாதா அறியமாட்டார். அவருடைய ஈமானின் அக்கறையை நாம் பழிக்கவும் இல்லை. ஆனால் அவர் மை தொட்டு அழித்தது தம் மகனுடைய தொழிலை. அந்தப் பட்டை அழியாதிருந்தால், நாம் அந்த மனுவை எழுதியிருக்கவே மாட்டோம்.

இனிச் சொல்வதுதான் நம்மை வெட்கித் தலைகுனியச் செய்வது. மூலப் படத்தின் பின்புறத்தில் இரண்டு வரிகள் எழுதப்பட்டிருந்தன. அரபி எழுத்து. வீட்டார் அதனை ஏதோ துஆ என்று கருதி, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். எண்பது ஆண்டுகளாக எவரும் ஓதிப் பார்க்கவில்லை. அது துஆ அன்று, அரபுத் தமிழ். நம் முன்னோர் அரபி எழுத்தில் தமிழை எழுதிய அந்த முறையில், பெரியத்தா தம் தாயாருக்கு எழுதியிருந்தார்: ரஜபு மாதம், ஹிஜ்ரி 1363, ராஞ்சி ஆஸ்பத்திரியில் வேலை, சுகமாயிருப்பதாகவும் அனுப்பிய பணம் வந்ததா என்றும். ஆங்கிலக் கணக்கில் 1944 ஜூன் பிற்பகுதியும் ஜூலையும். இம்பாலில் பெரும்போர் நடந்து ஓய்ந்துகொண்டிருந்த நாட்கள். அரபியும் தமிழும் கற்றவன் என்று மேடைதோறும் அறிமுகம் செய்யப்படும் நாம், அந்தப் படத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்று ஒருநாளும் எண்ணவில்லை.

உலகப்போரில் பணியாற்றி ஓய்வூதியம் இன்றித் திரும்பியவர்களுக்கும் அவர்தம் மனைவியருக்கும் மாநில அரசு முன்னாள் படைவீரர் நலத்துறை வழியாக மாதாந்திர உதவி அளிக்கிறது என்பதைப் பின்னரே அறிந்தோம். பெரியம்மா கேட்டிருக்க வேண்டிய கதவு அது. நாம் அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று வேறொரு கதவின் முன் நிறுத்தினோம்.

“ஒரு வரி கூடுதலாக எழுதிக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம்?” என்று கேட்போருக்கு இதுவே நம் விடை.

இன்னொரு சாரார் வேறுவிதமாக வாதிடுவர். “முஸ்லிம்களின் நாட்டுப்பற்றை ஐயுறும் காலம் இது. நம் வீட்டுக்கொரு தியாகியைக் காட்டினால்தானே வாய் அடைப்பார்கள்?” என்பர். இந்த வாதத்தின் பின்னாலுள்ள வேதனையை நாம் அறிவோம். ஆயினும் ஏற்கமாட்டோம். நேதாஜியின் அரசிலே ஆலோசகராக அமர்ந்த கரீம் கனி இருந்தார். ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் நேதாஜியோடு வந்த ஆபித் ஹஸன் இருந்தார். செங்கோட்டையில் விசாரணைக் கூண்டில் நின்ற ஷாநவாஸ் கான் இருந்தார். மலேயாவிலும் பர்மாவிலும் கடையை மூடிவிட்டுப் படையில் சேர்ந்த, பெயர் வெளிவராத தமிழ் முஸ்லிம்கள் இருந்தார்கள். உண்மையானவர்கள் இத்தனை பேர் நிற்கும் வரிசையில் பொய்யாக ஒருவரை நுழைத்தால், ஐயுறுபவன் அந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரையும் பொய் என்பான். ஒரு பொய்யறிவிப்பு கலந்தால் தொகுப்பு முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும் என்பது ஹதீஸ் கலை பயின்றோர் அறிந்த விதி. மேலும், எவரோ நம்மை ஐயுறுகிறார் என்பதற்காக நம் பெரியத்தாவின் சட்டையை நாம் ஏன் மாற்றவேண்டும்? காயம்பட்டவரைத் தூக்கியவர் அவர். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

வெட்கம் வந்த வழியையும் சொல்லத்தான் வேண்டும். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்த ஊர் இராஜபாளையம். கதராடை மதிப்பாயிருந்த ஊரிலே வெள்ளையனின் காக்கி இழிவாகத் தோன்றியிருக்கும். பெரியத்தா வாய் திறவாமைக்கு அதுவும் காரணமாயிருக்கலாம். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை, மௌனமாயிருந்தார். பொய் நாம் சேர்த்தது.

வெள்ளையனும் நம்மவருக்கு நீதி செய்தவனல்லன். போர்க்குணமற்றவர் என்று முத்திரை குத்தி, சென்னைக் காலாட்படையின் நிரந்தரப் பிரிவுகளை 1928-க்குள் கலைத்தான். முன்னோடிப் படையினரை 1933-இல் கலைத்தான். போர் வந்ததும் 1941-இல் மீண்டும் சென்னை ரெஜிமென்ட் என்று அமைத்து, ஊர் ஊராக ஆள் திரட்டினான். ஆகவே, “எங்கள் பாட்டனார் 1935-இல் சென்னை ரெஜிமென்டில் சுபேதார்” என்று எவரேனும் சொன்னால், கத்தீப் அல்பக்தாதியின் கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் பெங்களூரிலிருந்த சென்னைச் சாப்பர்ஸ் படையினராயிருப்பார். 1780-இல் தோன்றிய அப்படை கலைக்கப்படவில்லை. அல்லது பகுதிநேரப் பிரதேசப் படையினராயிருப்பார். சாப்பர்ஸ் வீரரின் ‘துப்டா’ என்னும் நெட்டைத் தொப்பியைத் துருக்கித் தொப்பி எனக் கருதி, அவரைக் கிலாபத் இயக்கத் தொண்டராக்கிவிடவும் இடமுண்டு. எச்சரிக்கையாயிருங்கள்.

படத்தைப் படிப்பது கடினமன்று, பொறுமைதான் தேவை. தலையைவிடத் தோளை முதலில் பாருங்கள். இந்தியச் சிப்பாய்கள் பலர் தலைப்பாகையில் சின்னம் அணியவில்லை. தோள்பட்டையில் பித்தளை எழுத்துக்கள்தாம். எழுத்துக்கள் இடவலமாகத் திரும்பியிருந்தால் படம் தலைகீழாக அச்சிடப்பட்டது. கண்ணாடியில் காட்டிப் படியுங்கள். பெயரோடு பெரிய எண் ஒன்று சேர்ந்திருந்தால் 1922-க்கு முற்பட்ட காலம். அவ்வாண்டுச் சீரமைப்பில் பழைய எண்கள் மறைந்தன. நம் பக்கத்துப் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் படை 1914 நவம்பரில் கிழக்காப்பிரிக்காவின் தாங்காவில் போரிட்டது. அந்த எண்ணைத் தோளில் கண்டால் அலட்சியம் செய்யாதீர்கள்.

முடிச் சின்னம் இருந்தால் அதன் வளைவைப் பாருங்கள். வளைவுகள் உருண்டு மேலெழுந்தால் மன்னர்களின் காலம், 1901 முதல் 1952 வரை. நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் எலிசபெத் அரசியின் காலம். இந்தியாவில் 1950 ஜனவரி 26 முதல் முடி நீங்கி அசோகச் சிங்கங்கள் வந்துவிட்டன. ஆதலின் பள்ளம் விழுந்த அந்த முடி மலேயாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தவருடையதாகலாம். நம்மவர் பிழைக்கச் சென்ற நாடுகள் அவை. தோளில் ஒரு நட்சத்திரமிருந்தால் உடனே ‘லெப்டினன்ட்’ என்று எழுதிவிடாதீர்கள். ஜமேதாருக்கும் ஒன்றுதான், சுபேதாருக்கு இரண்டு. ஜமேதார் என்ற பெயர் 1965-இல் நாயிப் சுபேதார் என மாறியது. கையில் கோடு இரண்டானால் நாயக், மூன்றானால் ஹவில்தார். நிறத்தை மட்டும் கறுப்பு வெள்ளைப் படத்தில் நம்பவேண்டா. பழைய தகடுகள் சிலவற்றில் சிவப்பு கறுத்தும் நீலம் வெளுத்தும் விழும். பதக்க நாடாவை நிறங்கொண்டு ஊகித்தவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

நேதாஜி படையினரின் அடையாளமும் தெளிவானதே. இந்திய வரைபடமும், இத்திஹாத், இஃதிமாத், குர்பானி என்னும் மூன்று சொற்களும். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். மூன்றும் அரபி வேரில் பிறந்து உருது வழியாக வந்தவை என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பாயும் புலியைப் பொறித்து ஜெர்மானிய எழுத்தில் சுதந்திர இந்தியா என்று எழுதிய கைப்பட்டை, ஜெர்மனியில் திரட்டப்பட்ட படைக்குரியது. உங்கள் வீட்டுப் படத்தில் இவற்றுள் ஒன்று இருக்குமானால், அந்த வரியைத் தாராளமாக எழுதுங்கள். நாமே வந்து அதன்முன் நிற்போம்.

எழுத்தை அறிந்தபின் வழியும் உண்டு. மருத்துவப் படையின் ஆவணங்கள் இலக்னோவில், சென்னை ரெஜிமென்டுக்கு நீலகிரி வெல்லிங்டன், சாப்பர்ஸுக்குப் பெங்களூர். படை எண் ஒன்று கிடைத்தால் போதும். பணிநீக்கப் புத்தகமோ மணியார்டர் ரசீதோ அதனைத் தரும். திரும்பி வராதவர்களுக்கு ரங்கூன் அருகே தௌக்யானில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அதிலே. பஞ்சாபியர் முதல் உலகப்போருக்குச் சென்ற தம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளை லாகூர் அருங்காட்சியகத்திலிருந்து மீட்டு 2021-இல் ஊரறியச் செய்தார்கள். நாமோ தகரப் பெட்டியைக்கூடத் திறவாதிருக்கிறோம்.

உருவப்படமே ஆகாது, அதை ஆராய்வதாவது என்று சொல்லும் நண்பர்களுடன் இங்கே நீண்ட விவாதம் செய்யப் போவதில்லை. எகிப்தின் முஃப்தியாயிருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ நிழற்படம் ஆகும் என்று தனி நூலே எழுதினார், மறுத்தோரும் உண்டு. சுவரில் மாட்டவேண்டா என்பீராயின் மாட்டாதீர்கள். ஆனால் கிழிக்காதீர்கள், மை பூசாதீர்கள். சொத்துப் பத்திரத்தை வைக்குமிடத்தில் வையுங்கள்.

நம் குடும்பத்தார் இப்போது ஒரு மலர் வெளியிடவிருக்கிறார்கள். பெரியத்தாவின் படம் ஏழாம் பக்கத்தில். கூடத்தில் தொங்கிய, தூரிகை பட்ட படம். கீழே பழைய வரியே நிற்கிறது. மூலப் படத்தின் இரு புறங்களையும் நகலெடுத்து, அரபுத் தமிழ் வரிகளைத் தமிழெழுத்தில் பெயர்த்து, மலர்க் குழுவிலுள்ள தம்பிமாருக்கு அனுப்பினோம். “அச்சுக்குப் போய்விட்டது, மச்சான். அடுத்த பதிப்பில் பார்ப்போம்” என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் இன்னும் மறுமொழி தரவில்லை.